கையை எடுக்காதீர்கள்

ஜூன் மாதம், பள்ளி திறந்து பத்து நாள் ஆகியிருக்கும். காலைப் பிரேயர். கொடிக்கம்பத்துக்கு எதிரே வகுப்புவாரியாகப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒன்பதரை மணிக்கே வெயில் சுள்ளென்று உறைக்கிறது. தலைமையாசிரியர் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருக்கும்போது நான்காம் வகுப்பு வரிசையில் சலசலப்பு. "சார், இவனுக்குச் சில்லுமூக்கு உடைஞ்சிருச்சு சார்!" வரிசை கலைந்து, நடுவில் ஒரு வட்டம் விழுகிறது. வட்டத்துக்குள் ஒரு சிறுவன். உள்ளங்கையில் ரத்தம், சட்டையில் ரத்தம், கண்ணில் பயம்.

அடுத்து நடப்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் "அண்ணாந்து பாருடா" என்கிறார். இன்னொருவர் "தலையில தண்ணிய ஊத்துங்க" என்கிறார். சத்துணவுக் கூடத்திலிருந்து வெங்காயம் வருகிறது. யாரோ அவனைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைக்கிறார். அலுவலக அறையில் ஒருவர் அவன் வீட்டுக்குப் போன் போடுகிறார். ஆளாளுக்கு ஒரு வேலை. அவன் மூக்கைப் பிடிப்பதற்கு மட்டும் அந்த வளாகத்தில் ஒரு கை இல்லை.

ஆசிரியப் பெருமக்களே, தலைமையாசிரியர்களே, ஆயாம்மாக்களே, வேன் ஓட்டும் தம்பிகளே! இந்தக் கட்டுரை உங்களுக்காக. நாளைக்குப் படித்துக்கொள்ளலாம் என்று மடித்து வைக்காதீர்கள். நாளைக் காலையே உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு மூக்கிலிருந்து ரத்தம் வரலாம். இரண்டு வயதிலிருந்து பத்து வயதுக்குள் பிள்ளைகளுக்கு இது சாதாரணமாக வருவது. தொடக்கப் பள்ளி என்று ஒன்று இருந்தால் அங்கே இது நடக்கத்தான் செய்யும்.

நான் உபதேசம் செய்யும் தகுதியோடு வரவில்லை. குற்றம் செய்தவனாக வருகிறேன். 1994-இல், ஆசிரியனாகச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர் போட்ட மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கரும்பலகைக்கு முன்னால் நின்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்தான். கை சிவந்தது.

நான் என்ன செய்தேன்? என் அப்பா எனக்குச் செய்ததைச் செய்தேன். தலையைப் பின்னால் சாய்த்து, "மேல பாருடா, ஓட்டுல எத்தனை வரிசை இருக்குன்னு எண்ணு" என்றேன். ரத்தம் வெளியே வருவது நின்றது. நின்றதாக நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவன் திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து, கறுப்பும் சிவப்புமாகக் கட்டி கட்டியாக வாந்தி எடுத்தான். வகுப்பே அலறியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. சக ஆசிரியரின் டி.வி.எஸ். 50-இல் அவனை நடுவில் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். வழியெல்லாம் அவன் ரத்தம் என் சட்டை முதுகில்.

அங்கே இருந்த நர்ஸம்மா பதறவில்லை. அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் அடிப்பாகத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே எங்களிடம் ஊர், பெயர் எல்லாம் விசாரித்தார். கை மட்டும் அசையவில்லை. பத்து நிமிடம் கழித்து மெல்ல விட்டார். ஒரு சொட்டு இல்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், இதே மாதிரி உங்க கிளாஸ்லயே புடிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாமே." குரலில் கோபமில்லை. அதனால்தான் முப்பது வருடம் ஆகியும் அது எனக்கு உறைக்கிறது.

மருந்தில்லை, ஊசியில்லை. அன்று அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது ஒரு பெரியவரின் இரண்டு விரலும் பத்து நிமிடமும். அதை நான் கொடுக்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். இதைப் படித்து முடித்த பிறகு நீங்கள் அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இரண்டு நாசித் துவாரங்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது அல்லவா, அதன் முன்பக்கத்தில், சுண்டுவிரல் நுனி எட்டும் தூரத்தில், நாலைந்து ரத்தக் குழாய்களின் நுனிகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. மேலே போர்த்தியிருக்கும் தோல் மிக மெல்லியது. 1879-இல் ஜேம்ஸ் லாரன்ஸ் லிட்டில் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும், 1884-இல் வில்ஹெல்ம் கீசல்பாக் என்ற ஜெர்மானிய மருத்துவரும் இந்த இடத்தைப் பற்றி எழுதினார்கள். இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்த இருவர் பெயராலேயே இதைப் படிக்கிறார்கள். மூக்கில் வரும் ரத்தத்தில் 100-க்கு 90 இந்த இடத்திலிருந்துதான். பிள்ளை விரலை விட்டுக் குடையும் இடமும் இதுவே. சளி காய்ந்து பொருக்குத் தட்டும் இடமும், பந்து பட்டால் முதலில் அடிவாங்கும் இடமும் இதுவே.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. கைக்கெட்டும் இடத்தில் உடைந்த குழாயைக் கையாலேயே அடைக்கலாம். மூக்கின் மேல்பாதி எலும்பு. அதை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. கீழ்ப்பாதி மெத்தென்று வளையும். அந்த மெத்தென்ற பாகத்தை இருபுறமும் சேர்த்துப் பிடித்தால் உடைந்த இடம் நடுச்சுவரோடு அழுந்துகிறது. மூக்குக்கண்ணாடி உட்காரும் இடத்தைப் பிடிக்கிறவர்கள் பலர். அங்கே பிடிப்பது, கீழே குழாய் ஒழுகும்போது மேலே தொட்டிச் சுவரைத் தடவிக்கொடுப்பது மாதிரி.

இனி அந்தப் பத்து நிமிடத்துக்கு வருவோம்.

பிள்ளையை நிழலில் உட்கார வையுங்கள். நாற்காலியோ, படிக்கட்டோ, வேப்பமரத்து மேடையோ, எதுவானாலும் சரி. நிற்க வைக்காதீர்கள், படுக்க வைக்காதீர்கள். நீங்களும் அவன் உயரத்துக்கு இறங்கி உட்காருங்கள். "ஒண்ணுமில்லப்பா, இது நின்னுடும், நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். அழுகை மூச்சை ஏற்றும், முகத்தில் ரத்தத்தை ஏற்றும். அழுகை நின்றாலே பாதி ரத்தம் நிற்கும்.

தலையை முன்னால் குனியச் சொல்லுங்கள். செருப்பு வாரைப் பார்க்கிற அளவுக்குக் குனிந்தால் போதும். மூக்கின் மெத்தென்ற பாகத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சேர்த்துப் பிடியுங்கள். ரத்தம் ஒரு துவாரத்தில் வந்தாலும் இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள். வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள். வாய்க்குள் ரத்தம் வந்தால் விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். மடியில் ஒரு பாத்திரமோ பழைய துணியோ இருக்கட்டும்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். 10:05 என்றால் 10:15 வரை. வகுப்பறைக் கடிகாரம் ஓடவில்லையென்றால் கைக்கடிகாரம், அதுவும் இல்லையென்றால் செல்போன். மனக்கணக்கு வேண்டாம். பதற்றத்தில் மூன்று நிமிடமே பத்து நிமிடமாகத் தெரியும்.

இரண்டாவது நிமிடத்தில் உங்களுக்கு ஆசை வரும்: "நின்னுடுச்சான்னு பாப்போம்." ஐந்தாவது நிமிடத்தில் இன்னொரு தரம் வரும். விரல் வலிக்கத் தொடங்கும். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "விட்டுப் பாருங்க சார்" என்பார். விடாதீர்கள்! எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள். உள்ளே உடைந்த இடத்தில் முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டுகின்றன. அவற்றின் மேல் நூலாம்படை போல மெல்லிய நார் பின்னி ரத்தம் உறைகிறது. பாலில் உறை ஊற்றிவிட்டு நிமிடத்துக்கு ஒருதரம் கரண்டியை விட்டுக் கலக்கினால் தயிர் தோயுமா? நீங்கள் விட்டு விட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த நார் அறுகிறது, கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. "பத்து நிமிஷம் புடிச்சேன், நிக்கல" என்பவர்களை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலோர் இரண்டிரண்டு நிமிடமாக ஐந்து முறை பிடித்திருப்பார்கள்.

அந்தப் பத்து நிமிடமும் பிள்ளையோடு பேசிக்கொண்டிருங்கள். பேச வேண்டியது நீங்கள். அவன் தலையை மட்டும் ஆட்டட்டும். வீட்டில் ஆட்டுக்குட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், தங்கச்சி பெயரை விரலால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்துக்கு வெளியே உங்களோடு அவன் கழிக்கும் முதல் பத்து நிமிடமாகக்கூட அது இருக்கலாம்.

செய்யக் கூடாதவற்றையும் காரணத்தோடு சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாத தடையை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை. அண்ணாந்து பார்க்க வைத்தால் ரத்தம் நிற்பதில்லை, வழி மாறித் தொண்டைக்குள் இறங்குகிறது. வயிற்றில் ரத்தம் சேர்ந்தால் குமட்டி வாந்தி வரும். மூச்சுக் குழலில் புகுந்தால் இருமலும் திணறலும் வரும். எவ்வளவு ரத்தம் போனது என்ற கணக்கும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். மல்லாக்கப் படுக்க வைத்தாலும் இதே கதிதான். பஞ்சைத் திணித்தால், அதை எடுக்கும்போது உறைந்த பொருக்கும் சேர்ந்து பிய்ந்து வரும். தலையில் தண்ணீர் ஊற்றினால் பிள்ளை நனைவான், அவ்வளவே. வெங்காயம் முகரக் கொடுத்தால் தும்முவான். தும்மினால் மறுபடி உடையும். ஐஸ் கிடைத்தால் மூக்கின் மேல் வைக்கலாம், தவறில்லை. ஆனால் பிடித்த கையை விட்டுவிட்டு ஐஸ் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்.

சட்டையைப் பார்த்து மிரளாதீர்கள். ஒரு தேக்கரண்டி ரத்தம் வெள்ளைத் துணியில் விழுந்து பரவினால் ஒரு டம்ளர் கொட்டியது போலத் தெரியும். 20 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய 1.5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. இரண்டு கரண்டி போவதால் பிள்ளை ஓய்ந்துவிட மாட்டான். உங்கள் முகத்தில் தெரியும் பீதிதான் அவனை ஓய்த்துவிடும்.

அடுத்து, நம் கூச்சத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம். ரத்தத்தைத் தொடப் பலருக்குப் பயம். நோய் தொற்றிவிடுமோ என்ற பயம் நியாயமானதே. அதற்கு வழி இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் கையுறையை ஒரு டப்பாவில் வாங்கி வையுங்கள். கையுறை இல்லாத இடத்தில், ஓரளவு வளர்ந்த பிள்ளையானால் அவன் மூக்கை அவனே பிடித்துக்கொள்ளலாம். நீங்கள் எதிரே உட்கார்ந்து உங்கள் மூக்கைப் பிடித்துக் காட்டுங்கள். அவன் அதைப் பார்த்துப் பிடிப்பான். நீங்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் சிந்தியதன் மேல் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிச் சற்று ஊற விட்டுப் பிறகு துடையுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பயத்துக்கு இவ்வளவுதான் விலை.

ஆனால் பயம் என்ற பெயரில் வேறொன்று ஒளிந்திருந்தால் அதற்கு மன்னிப்பில்லை. இது யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்து ஒரு கை தயங்குமானால், அந்தக் கை சாக்பீஸைத் தொடவும் தகுதியற்றது. "ஆயாம்மாவைக் கூப்பிடு, துடைக்கட்டும்" என்று தள்ளி நிற்பதும் அதே குற்றத்தின் சின்னத் தம்பிதான். அருகில் இருப்பவர் யாரோ அவர் பிடிக்க வேண்டும். பதவி பார்த்து, சம்பளம் பார்த்துப் பிரித்துக்கொள்ளும் வேலை இல்லை இது.

இன்னொரு வழக்கமும் ஒழிய வேண்டும். "லீடர், இவனைக் கூட்டிட்டுப் போய்க் குழாயில கழுவிட்டு வா." எத்தனை முறை சொல்லியிருப்போம்! ஒன்பது வயதுப் பிள்ளையின் பொறுப்பில் எட்டு வயதுப் பிள்ளையை அனுப்புகிறோம். குழாயடியில் அவர்கள் அலசு அலசென்று அலசுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள். பாசி பிடித்த தளத்தில் தலை சுற்றினால் விழுவார்கள். பாடம் நடத்த வேண்டுமே என்கிறீர்களா? வகுப்பறையின் முன்னாலேயே அவனை உட்கார வைத்துப் பிடியுங்கள். மற்ற நாற்பது பிள்ளைகளும் பார்க்கட்டும். அன்று நீங்கள் நடத்தும் பாடம் வேறெந்தப் பாடத்தைவிடவும் அவர்களுக்கு நினைவிருக்கும்.

பத்து நிமிடம் கழித்து மெதுவாக விடுங்கள். ரத்தம் வந்தால் பதறாமல் இன்னொரு பத்து நிமிடம். அதற்கும் நிற்கவில்லையா, இன்னும் ஒரு பத்து. மொத்தம் 30 நிமிடம் சரியாகப் பிடித்தும் நிற்கவில்லையென்றால் அது நம் கையில் இல்லை. மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும் வழியிலும் பிடித்த பிடி இருக்கட்டும்.

சில நேரங்களில் 30 நிமிடம் காத்திருக்கவே கூடாது. ரத்தம் குழாய் திறந்தாற்போலக் கொட்டினால், தொண்டை வழியாக நிற்காமல் இறங்கினால், பிள்ளை வெளுத்து வியர்த்து மயங்கினால், மூச்சுத் திணறினால் உடனே 108. மயங்கிய பிள்ளையை மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஊஞ்சலிலிருந்து விழுந்தோ, கபடியில் தலை மோதியோ, அதன் பிறகு மூக்கில் ரத்தம் வந்தால் அது தலைக்காயம் என்றே எண்ணுங்கள். ரத்தத்தோடு தண்ணீர் போலத் தெளிவாக ஏதேனும் வடிந்தால் இன்னும் ஆபத்து. மூக்கில் அடிபட்டு ரத்தம் நின்ற பிறகும் உள்ளே வீங்கி மூச்சு அடைக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடுச்சுவரில் ரத்தம் கட்டிக்கொண்டிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பு கெட்டு மூக்கே அமுங்கிவிடும்.

பிள்ளை மூக்குக்குள் எதையாவது போட்டுக்கொண்டதா என்றும் கேளுங்கள். சிலேட்டுக் குச்சி, பாசிமணி, ரப்பர் துண்டு, புளியங்கொட்டை எல்லாம் அங்கே போகும். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால் பெரும்பாலும் அதுதான். நீங்கள் ஊக்கையும் தீக்குச்சியையும் விட்டுத் தோண்டாதீர்கள், உள்ளேதான் தள்ளுவீர்கள். பொம்மையிலும் கடிகாரத்திலும் இருக்கும் பட்டன் பேட்டரியாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே அது சதையை அரித்துவிடும்.

மழைக்காலத்தில் ஒரு கண் கூடுதலாக வேண்டும். அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை டெங்கு நம்மைச் சுற்றும் காலம். காய்ச்சல் இருக்கும் பிள்ளைக்கோ, இரண்டு மூன்று நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்த பிள்ளைக்கோ மூக்கில் ரத்தம் வந்தால் அதை வெயில் கணக்கில் எழுதாதீர்கள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்வு, தோலில் சிவப்புப் புள்ளி, ஈறில் ரத்தம், இவற்றில் ஏதேனும் கூட இருக்கிறதா என்று பாருங்கள். எது எப்படியிருந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை யாரும் கொடுத்துவிடக் கூடாது. அவை ரத்தக் கசிவைக் கூட்டும்.

ரத்தம் நின்றதோடு கடமை முடிந்ததா? இல்லை. அன்று முழுவதும் அவன் மூக்கைச் சிந்தக் கூடாது, குடையக் கூடாது, ஓடியாடக் கூடாது. பி.டி. ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். மதியம் சத்துணவைச் சூடாகச் சாப்பிடாமல் ஆறிய பிறகு சாப்பிடட்டும். முகத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். சட்டையில் கறை இருந்தால் மாற்றுச் சட்டை ஒன்று பள்ளியில் இருக்க வேண்டும். ரத்தச் சட்டையோடு மாலை வரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மறுநாள் முதல் ஒரு பட்டப்பெயர் விழும். ரத்தம் பத்து நிமிடத்தில் நின்றது, பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு வரை வரும். அதையும் தடுப்பது முதலுதவிதான்.

"யார்டா குத்தினது?" என்ற விசாரணையை ரத்தம் நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சண்டையில் உடைந்த மூக்கே ஆனாலும், முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் மருத்துவர். பதினோராவது நிமிடத்தில் நீதிபதி ஆகலாம். குத்தியவனும் ஒரு பிள்ளைதான். அந்த ரத்தத்தைப் பார்த்து அவனும் நடுங்கிப் போய்த்தான் நிற்பான். தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவரும் வேலையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். பிரம்பு செய்யாததை அந்தச் செம்பு செய்யும்.

பெற்றோரிடம் மறைக்காதீர்கள். "சொன்னால் பெரிசு பண்ணுவாங்க" என்று மூடி வைத்த விஷயம், பிள்ளை வீட்டுக்குப் போய் வாய் திறந்ததும் நிஜமாகவே பெரிசாகும். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எத்தனை நிமிடத்தில் நின்றது, அடிபட்டதா தானாக வந்ததா என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். ஒரு நோட்டில் பதிந்தும் வையுங்கள். மூன்று மாதத்தில் ஒரே பெயர் ஐந்து முறை வந்தால் அந்த நோட்டே உங்களிடம் பேசும்.

பெற்றோரே, இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறேன். "சூடு, உடம்பு உஷ்ணம்" என்று சொல்லி எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். அதில் பாதி உண்மை. வெயிலும் வறண்ட காற்றும் மூக்கின் உள்தோலைக் காய வைத்து வெடிக்கச் செய்யும். ஆனால் சளி, தூசி ஒவ்வாமை, விரலால் குடைவது எல்லாம் அதற்குச் சமமான காரணங்கள். பிள்ளையின் நகத்தை வாரம் ஒருமுறை வெட்டுங்கள். தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள். உள்தோல் காய்ந்து பொருக்குத் தட்டினால் துவாரத்தின் முன்பக்கத்தில் சிறிது வாசலைன் தடவலாம். எண்ணெயை மட்டும் மூக்கில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கலாம். கைக்குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தால் நம் நாட்டிலேயே குழந்தைகள் அவதிப்பட்டிருக்கிறார்கள்.

அடிக்கடி வருகிறதா? ஒவ்வொரு முறையும் நிற்க வெகு நேரம் ஆகிறதா? பல் விழுந்தபோது ரத்தம் நிற்காமல் வந்ததா? காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போன நீலத் திட்டுகள் தெரிகின்றனவா? குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இப்படி உண்டா? அப்படியானால் மந்திரிக்கப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாத குறை ஹீமோபிலியா மட்டும் என்று நினைக்கிறோம், அது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. 1926-இல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஆலந்து தீவுகளில் ஒரு குடும்பமே ரத்தக் கசிவால் அவதிப்படுவதைப் பார்த்து, ஆணையும் பெண்ணையும் தாக்கும் இன்னொரு குறையைப் பற்றி எழுதினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அதற்கு மூக்கில் வரும் ரத்தம் முதல் அடையாளமாக இருப்பது உண்டு. சிறு வயதில் அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்த பெண் பிள்ளைக்கு வயதுக்கு வந்த பின் மாதவிடாய் ரத்தப்போக்கு நிற்காமல் போகுமானால், இரண்டையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர் தாய். பன்னிரண்டு பதினைந்து வயது ஆண் பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைத்தபடி ரத்தமும் அடிக்கடி வந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு குறை உங்கள் பிள்ளைக்கு இருப்பது தெரிந்தால் பள்ளியில் சொல்லுங்கள். "வெளிய தெரிஞ்சா பிள்ளைக்கு என்ன பேராகும்" என்று ஒளிக்காதீர்கள். ஒளித்த ரகசியத்துக்கு விலை கொடுப்பது பிள்ளை.

தலைமையாசிரியர்களே, இதற்கு நிதி ஒதுக்கீடு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா, கையுறை, சுத்தமான பருத்தித் துணி, ஒரு கிண்ணம், சோப்பு, மாற்றுச் சட்டை இரண்டு. டப்பாவை அலுவலக பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். சாவி வைத்திருப்பவர் அன்றைக்குத்தான் விடுப்பில் இருப்பார். மூடியின் மேல் 108-உம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணும் பெரிதாக எழுதியிருக்கட்டும். உங்கள் பள்ளியில் ஜே.ஆர்.சி. என்ற இளம் செஞ்சிலுவைச் சங்கம் இருந்தால் அந்தப் பிள்ளைகளை நாளைப் பிரேயரில் முன்னால் நிறுத்துங்கள். பள்ளி முழுவதும் தன் தன் மூக்கின் மெத்தென்ற பாகத்தைத் தொட்டுப் பார்க்கட்டும், குனியட்டும், வாயால் மூச்சு விடட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்துக் கற்றது மறக்காது. அவர்களில் ஒருத்தி அன்று சாயந்திரம் தன் தம்பிக்கு இதைச் செய்வாள். அண்ணாந்து பார்க்கச் சொல்லும் தாத்தாவை அவளே திருத்துவாள்.

"நான் டாக்டர் இல்லையே, ஏதாவது ஆகிவிட்டால் என் தலையில் விடியுமே" என்று ஒரு குரல் உங்களுக்குள் கேட்கும். எனக்கும் கேட்டது. குனிய வைத்து மூக்கைப் பிடிப்பதால் பொதுவாகப் பிள்ளைக்குக் கேடு வந்துவிடாது. கேடு வருவது ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு யாரும் பிடிக்காமல் நிற்பதால்தான். காலையில் பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் அம்மா, சாயந்திரம் நாலு மணி வரை தன் கையை உங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். அந்தக் கையால்தான் நீங்கள் பிடிக்கிறீர்கள்.

அந்த வாய்ப்பாட்டுப் பையன் மறுநாளே வந்துவிட்டான். ஏழாம் வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தான். முடித்ததும் மூக்கை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு என் பணிக்காலத்தில் எத்தனையோ மூக்குகளைப் பிடித்துவிட்டேன். ஒருமுறை ஆறாவது நிமிடத்தில் பீரியட் முடிந்து மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்தார்கள், அடுத்த ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். என் விரலுக்குள் இருந்த சிறுமி, நானும் எழுந்து போய்விடுவேனோ என்று கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள்.

நாளைக்கு உங்கள் முன்னாலும் அப்படி இரண்டு கண்கள் உயரும். மணி அடித்தால் அடிக்கட்டும். இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது.